வெண்ணாற்றங்கரை நீச்சல் குழு

கார்த்தி: அண்ணே, நேத்து 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். 25 மீட்டர் பூல். ஒவ்வொரு லென்த்துக்கும், அதாவது ஒரு முனைலேர்ந்து மறு முனைக்கு, ஸ்ப்ளிட் 18, 21, 23, 26 செகண்ட். மொத்தம் 1:28. கடைசி லென்த்ல செத்துடுது. ஸ்டாமினா போதலயா?

முரளி அண்ணன்: லென்த்துக்கு எத்தன கை போட்ட? அது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

கார்த்தி: முதல் லென்த் 19, கடைசி 25. வீடியோல எண்ணினது.

முரளி அண்ணன்: அப்ப கணக்கு போட்டுப் பாரு. நிமிஷத்துக்கு 63 கை போட்டவன் கடைசில 58 போடற. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஒரு கைக்கு 1.3 மீட்டர் போனது 1 மீட்டராயிடுச்சு. எண்ணிக்கை 19லயே நின்னு நேரம் மட்டும் ஏறியிருந்தா தெம்பு குறைச்சல்னு சொல்லலாம். உனக்கு தண்ணில பிடிப்பு நழுவுது. களைச்சதும் முழங்கை கீழ இறங்கிடுது, கை தண்ணிய பின்னால தள்ளாம கீழ அமுக்குது. அதுக்கு ஓடி ஓடி ஸ்டாமினா ஏத்தினா பிரயோஜனம் கம்மி.

கணேசன் மாமா: அதான் ஆத்துல தண்ணி வந்தாச்சே, பூலுக்கு எதுக்குடா காச கொட்டறீங்க 😄

முரளி அண்ணன்: மாமா, இழுப்புல டைம் பாத்தா நம்பர் பொய் சொல்லும். அதோட ஆத்துல பழகினவங்க ஆகாயத்தாமரை மிதந்து வருதான்னு பாக்க தலைய தூக்கியே நீந்துவாங்க. தலை ஏறினா இடுப்பு, கால் ரெண்டும் இறங்கிடும். முன்னால மோதற தண்ணி அதிகமாகும். சும்மாவே 10 சதவீதம் வேகம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் பவர் வேணும், இதுல இது வேற. பார்வை நேர் கீழ, தரையில இருக்கற கறுப்புக் கோட்டுல இருக்கணும்.

கார்த்தி: சரிண்ணே, பயிற்சி செட் சொல்லுங்க.

முரளி அண்ணன்: முதல்ல 6×25, அதாவது 25 மீட்டர் ஆறு தடவை, பாதி தூரம் கைய மூடி முஷ்டியோட, மீதி விரிச்சு. முன்கை தண்ணிய பிடிக்கறது அப்பதான் உறைக்கும். அப்பறம் 16×25, ஒவ்வொண்ணும் 19 செகண்டுக்குள்ள, நடுவுல 30 செகண்ட் ரெஸ்ட். எண்ணிக்கை 21 தாண்டினா அங்கயே நிறுத்திடு, 16 முடிக்கணும்னு வீம்பு வேண்டாம். கெட்ட ஸ்ட்ரோக்க திரும்பத் திரும்ப போட்டா உடம்பு அதத்தான் பழகிக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை போதும், நடுவுல ஒரு நாளாவது விடு. 40 வயசு தாண்டினா உடம்பு தேற நேரம் எடுக்கும்.

கார்த்தி: தெம்புக்கு ஒண்ணுமே வேண்டாமா?

முரளி அண்ணன்: வேணும். 400 மீட்டர் ஒண்ணு, நல்லா ரெஸ்ட் எடுத்து 200 மீட்டர் ஒண்ணு, முழு மூச்சா போடு. 400 நேரத்துல 200 நேரத்த கழிச்சு ரெண்டால வகு. உதாரணத்துக்கு 7:20, 3:30 வந்தா வித்தியாசம் 3:50, பாதி 1:55. அதான் 100 மீட்டருக்கு நீ தாங்கற வேகம். 100 மீட்டர அந்த வேகத்துல 10 தடவை, 15 செகண்ட் ரெஸ்ட். முதல் ரெண்ட 1:45ல பறக்கறவன் ஏழாவதுல உக்காந்துடுவான்.

செல்வி அக்கா: கார்த்தி வீடியோல இடது கை கட்டைவிரல் முதல்ல இறங்குது, தலைக்கு நேர் முன்னால குறுக்கயும் போகுது. அதுலதான் தோள் உரசி வலி வரும். நடுவிரல் முதல்ல, தோளுக்கு நேரா இறக்கு. ரப்பர் பேண்ட் பிடிச்சு முழங்கைய விலாவோட ஒட்டி வெளிப்பக்கம் திருப்பு, 15 தடவை ரெண்டு செட், வாரம் மூணு நாள்.

கணேசன் மாமா: எனக்கு பலகை பிடிச்சு கால் அடிச்சா இடத்த விட்டு நகர மாட்டேங்குதே?

செல்வி அக்கா: கணுக்கால் விறைப்பு மாமா. பாதம் நீட்டாம கொக்கி மாதிரி நின்னா தண்ணிய முன்னாலதான் தள்ளும். பாய்ல மண்டி போட்டு குதிகால் மேல உக்காருங்க, 30 செகண்ட், மூணு தடவை. முட்டி வலிச்சா விட்டுடுங்க. அப்பறம் குட்டை ஃபின்ஸ், அதான் கால்ல மாட்டற துடுப்பு, போட்டு அடிங்க.

கணேசன் மாமா: ஷூ 9 நம்பர். ஃபின்ஸும் அதேதானா?

முரளி அண்ணன்: போட்டுப் பாத்து வாங்குங்க மாமா. லூசா இருந்தா குதிகால தேச்சிடும்.