புதுப்பிப்பு: ஸ்னோபோர்டு வகுப்பு ஆங்கிலம், கைகொடுத்த வழி

கனடாவின் விஸ்லர் பனிமலையில் ஸ்னோபோர்டு (பனியில் சறுக்கும் பலகை) பயிற்றுநர் பேசும் ஆங்கிலம் பிடிபடவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. சொற்பட்டியலை மனப்பாடம் செய்தது வீண். 'சொல்லிக்கொண்டே உடம்பால் செய்து பாருங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. வீட்டில் காலுறையோடு நின்று 'ஹீல் எட்ஜ்' (பலகையின் குதிகால் பக்க ஓரம்) என்று குதிகாலில் சாய்ந்தேன், 'டோ எட்ஜ்' (விரல் பக்க ஓரம்) என்று விரல்களில் எம்பினேன். பலகையின் ஒரே ஓரத்தில் நின்று, உதிரும் இலைபோல இடமும் வலமுமாக ஆடி இறங்கும் 'ஃபாலிங் லீஃப்' மட்டும் மலையில்தான் புரிந்தது.

எதிர்பாராதது: 'கூஃபி' என்றதும் கேலி என்று நினைத்து முகம் சுளித்தேன். வலது காலை முன்னே வைப்பவருக்கு அதுதான் பெயராம். இடது என்றால் 'ரெகுலர்'. அப்புறம், 'கேட்ச் அன் எட்ஜ்' என்றால் ஓரத்தைப் பிடிப்பதல்ல. சரிவுப் பக்க ஓரம் பனியில் குத்தி ஆளைக் கவிழ்ப்பது. அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை, மூக்கில் பனி ஏறியதும் புரிந்துவிட்டது.