5 ரூபா காசு ஓரத்துல மேடு: டை (காசு அடிக்கிற அச்சு) உடைஞ்சதா, யாராச்சும் ஈயம் வெச்சதா?

ஏற்காடு டீக்கடை
வணக்கங்க. கல்லாவுல வர்ற சில்லறைல வித்தியாசமா எதாச்சும் மாட்டுனா எடுத்து வெக்கிற பழக்கம் நமக்கு. இப்ப ஒரு பழைய கனமான 5 ரூபா, 1998, வருஷத்துக்கு கீழ டைமண்ட். நம்பர் பக்கம் வலது ஓரத்துல விளிம்போட ஒட்டி ஒரு மேடு, அங்க இருந்த பூ டிசைன் பாதி காணோம், மேட்டு மேல ஒண்ணுமில்லாம வழவழன்னு இருக்கு, அதுல இருந்து ஒரு மெல்லிசு கோடு 5 வரைக்கும் ஓடுது. பக்கத்துக் கடை அண்ணன் ஈயம் பத்த வெச்சிருப்பாங்கங்கறாரு, யூடியூப்ல ஒருத்தர் லட்சத்துக்குப் போகும்ங்கறாரு. எது நெஜம்? புளி போட்டு தேய்ச்சா நல்லா தெரியுமா?

சில்லறைப் பைத்தியம்
புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேணாம்ணா, தேய்ச்ச காசை சேகரிக்கிறவங்க கையிலயே தொட மாட்டாங்க. அந்தக் கோடு நகத்துக்கு மேடா தட்டுதா பள்ளமா தட்டுதா? பள்ளம்னா வெறும் கீறல், விட்டுடுங்க. டைல விரிசல் விட்டா உலோகம் அந்த சந்துல ஏறி காசுல மேடாத்தான் விழும்.

ஏற்காடு டீக்கடை
மேடுதாங்க.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
நம்மது வெள்ளி வேலை, டை வெச்சு பிரஸ்ல அடிக்கிறதுதான் பொழப்பு, அதனால சொல்றேன். டை ஓரத்துல ஒரு துண்டு பேந்துட்டா அங்க வெள்ளி ஏறி மொட்டையா மேடு கட்டும், சரி, அது எல்லாருக்கும் கண்ணுல படும். ஆனா அந்தக் குழிக்கு உலோகம் போயிடறதால நேர் பின்னாடி இருக்கிற டிசைனுக்கு அழுத்தம் பத்தாம மழுங்கலா விழும் பாருங்க, ஈயம் வெக்கிறவனால அதைச் செய்யவே முடியாது. உங்க காசை இடது வலதா திருப்பி சிங்கப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம் வலது ஓரம்னா அங்க இடது ஓரம். அந்த எழுத்து மங்கி இருக்கா? அப்புறம் எடை, அந்த 5 ரூபா 9 கிராம். டை உடைஞ்சாலும் வில்லை அதேதான், எடை ஏறாது, மேல எதாச்சும் வெச்சிருந்தாதான் ஏறும்.

ஏற்காடு டீக்கடை
அண்ணா, கொலுசு கடைல வெச்சுப் பார்த்தேன், 8.97. சிங்கத்துக்கு இடது பக்கம் எழுத்து நெஜமாவே மங்கலா இருக்கு, இத்தனை நாள் தேய்மானம்னு நெனச்சிருந்தேன். ஆனா மத்த எழுத்தெல்லாம் நல்லா கூர்மையா இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
அப்ப டை உடைஞ்சதுதான் தம்பி. புழக்கத்துல வந்த காசு அந்தளவு எடை குறையும், பயப்படாதீங்க.

சில்லறைப் பைத்தியம்
டை ஓரம் பேந்து விழற இந்த மொட்டை மேட்டைத்தான் இங்கிலீஷ்ல cud (கட்)-னு சொல்றாங்க. டைமண்ட்னா மும்பை மின்ட்ல (காசு அடிக்கிற ஆலை) அடிச்சது, ஸ்டார் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒண்ணும் இல்லேன்னா கொல்கத்தா. இனி 1998 டைமண்ட் எது வந்தாலும் அதே இடத்துல கோடு இருக்கான்னு பாருங்க. டை உடனே உடையாது, மொதல்ல மயிர் மாதிரி விரிசல், அது நீளும், கடைசியா துண்டு விழும், ஒரே டைல அடிச்ச காசுகளை அந்த வரிசைல சேர்த்தா செட்டுக்கு தனி மதிப்பு. எனக்கு சந்தோஷமே அந்த வேட்டைலதான். வெறும் கோடு மட்டும் இருக்கிற ஸ்டீல் ஒரு ரூபா எல்லாம் கொள்ளையா கெடைக்கும், ஸ்டீல் கெட்டி, டையை சீக்கிரம் காலி பண்ணிடும்.

ஐந்து ரோடு வாசி
லட்சக் கதை நம்பாதீங்க. வாங்கிக்கறேன்னு ஆசை காட்டிட்டு கமிஷன், டாக்ஸ்னு மொதல்ல உங்ககிட்டயே பணம் கேப்பாங்க. ரிசர்வ் வங்கி பேரையே வெச்சு ஏமாத்துனதால அவங்க 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கையே விட்டாங்க, நாங்க அப்படி யார்கிட்டயும் கமிஷன் வாங்கறதில்லைன்னு.

ஏற்காடு டீக்கடை
விக்கிற ஐடியா இல்லீங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெக்கலாமா? இங்க மழைக்காலத்துல தீப்பெட்டி கூட பத்தாது.

சில்லறைப் பைத்தியம்
பிவிசி கவர் வேணாம், நாளாக நாளாக பச்சை பூக்கும். நடுவுல மைலார் (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாள்) வெச்ச அட்டை ஹோல்டர் வாங்கி, டப்பால சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போட்டு மூடி வெச்சுடுங்க. ஓரத்தைப் புடிச்சுத் தூக்குங்க, முகத்துல விரல் வேணாம். மேட்டை சாய்ஞ்ச வெளிச்சத்துல ஒரு போட்டோ போடுங்கண்ணா, என்கிட்ட 1998 டைமண்ட் கொஞ்சம் இருக்கு, கோடு ஒத்துப்போகுதான்னு பார்க்கறேன்.