லேபர் டர்ன்ஓவர்: விலகலா, சுழற்சியா, புரள்வா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாண்மைச் சொற்பட்டியலில் ‘லேபர் டர்ன்ஓவர்’ (ஒரு நிறுவனத்தில் ஊழியர் போவதும் அவரிடத்துக்குப் புதியவர் வருவதுமான வீதம்) என்பதற்குப் ‘பணியாளர் விலகல்’ என்று இடலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். எளிய சொல்தான், ஆயினும் அது கருத்தில் பாதியை மட்டுமே சொல்கிறது.

அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் இயங்கிய ஃபோர்டு தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு இவ்வீதம் 370 விழுக்காடாக இருந்தது. இதனை ‘விலகல் 370 விழுக்காடு’ என்று எழுதினால், நூறு பேர் உள்ள இடத்திலிருந்து 370 பேர் எப்படி விலக முடியும் என்று மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஒருவர் போன இடத்துக்கு இன்னொருவர் வந்து, அவரும் போய், வேறொருவர் வந்தார் என்பதே அங்கு நடந்தது. ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்ட பணியாளர் தொகையைக் குறையாமல் வைத்திருக்க, ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே நமக்குத் தேவைப்படும் சொல் போக்கையும் வரவையும் ஒருசேரத் தாங்க வேண்டும்.

பாடநூல்களில் காணப்படும் ‘பணியாளர் சுழற்சி’ அதைத் தாங்கும். ஆனால் ஒரே ஊழியரைப் பிரிவு பிரிவாக மாற்றி அமர்த்துவதைப் ‘பணிச்சுழற்சி’ என்கிறோம். இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வரும்போது குழப்பம் நேரும். மேலும், சுழல்வது புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். விலகியவரோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

இலங்கையின் வணிக வழக்கில் டர்ன்ஓவருக்குப் ‘புரள்வு’ என்ற சொல் உண்டு. ‘இலட்சக்கணக்கில் பணம் புரள்கிறது’ என்று தமிழ்நாட்டிலும் இயல்பாகச் சொல்கிறோம். எனவே ‘பணியாளர் புரள்வு’ என்பதே என் பரிந்துரை. (தொழிலாளர் தரையில் புரள்வது போல் ஒலிக்கிறது என்று சிலர் நகைக்கலாம், பழகினால் அது தீரும்.) அதன் உட்பிரிவுகளாக, ஊழியர் தாமே போவதை ‘விலகல்’ என்றும், நிறுவனம் அனுப்புவதை ‘விலக்கல்’ என்றும் வைத்துக்கொள்ளலாம், தன்வினை, பிறவினை வேறுபாடு ஓரெழுத்திலேயே தெளிவாகிவிடுகிறது.

‘ஜாப் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்பதற்குப் பட்டியலில் உள்ள ‘பணிநிறைவு’ கட்டாயம் மாற்றப்பட வேண்டும். பணிநிறைவு பாராட்டு விழாவுக்குச் சென்று வந்த எவருக்கும் அச்சொல் ஓய்வுபெறுதலையே நினைவூட்டும். ‘பணிநிறைவு கூடினால் விலகல் குறையும்’ என்ற தொடரை அவர் எப்படிப் பொருள்கொள்வார்? ‘பணித்திருப்தி’ போதும். வடசொல் கலந்தது என்ற மறுப்பு எழலாம் என்றாலும், ‘திருப்தி’யை விடக் கூடாது என்பதற்குப் பணி ஊக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கே காரணம். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் வினவி, 1959இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட முடிவின்படி, திருப்திக்கு எதிர்நிலை அதிருப்தி அன்று, திருப்தியின்மையே. அதிருப்திக்கு எதிர்நிலை அதிருப்தியின்மை. இந்நான்கையும் தமிழில் ஒரே வேரிலிருந்து இவ்வளவு துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடிகிறபோது அதை இழப்பானேன்?

குறைந்தால் அதிருப்தி தருவதும், நிறைந்தாலும் திருப்தி தராததுமான காரணியை அவர் ‘ஹைஜீன் ஃபேக்டர்’ என்றார். அது பலவிடத்தும் ‘சுகாதாரக் காரணி’ என்று வருகிறது. ஊதியம், மேற்பார்வை, நிறுவனக் கொள்கை ஆகியவற்றைச் சுகாதாரம் என்றால், மாணவர் கழிப்பறையையும் குடிநீரையும் பற்றி விடையெழுதுவார். இவற்றையே பராமரிப்புக் காரணிகள் என்ற பொருளிலும் குறிப்பிடும் வழக்கம் இருப்பதால், ‘பேணு காரணி’ என்பது பொருந்தும். திருப்தியைத் தரும் சாதனை, பாராட்டு, பொறுப்பு முதலியன ‘ஊக்கு காரணி’.

இவ்வேறுபாட்டோடு ஃபோர்டுக்குத் திரும்பினால் இன்னொன்றும் விளங்கும். 1914 சனவரியில் நாட்கூலி ஐந்து டாலராக உயர்த்தப்பட்டு, வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டபின் புரள்வு வெகுவாகச் சரிந்தது. ஆனால் பொருத்துவரிசையில் ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை அப்படியே இருந்தது. மாறியவை பேணு காரணிகளே. விலகல் குறைந்தது என்பதற்காகத் திருப்தி கூடியது என்று கொள்வதற்கில்லை. நிறுவன ஆய்வாளர்களான மார்ச், சைமன் இருவரும் 1958இல் விலகும் விருப்பத்தையும் விலகுவதற்கான எளிமையையும் தனித்தனியாகப் பிரித்ததும் இதற்கு இசைவானதே: வெளியே வேலை கிடைக்காத காலத்தில் அதிருப்தியுற்றவரும் இருந்த இடத்திலேயே இருப்பார். இவ்விரண்டுக்கும் ‘விலகல் நாட்டம்’, ‘விலகல் எளிமை’ என்பன என் பரிந்துரைகள். பணி விலகலை ஆராய்ந்த மாப்லி 1977இல் அதிருப்திக்கும் விலகலுக்கும் இடையே வரிசைப்படுத்திய படிகளுள் ஒன்றான ‘விலகும் முடிவு’ வேறு, ‘விலகல் நாட்டம்’ வேறு. பட்டியலில் இரண்டும் ஒரே பதிவாக இருப்பதைப் பிரித்துவிடுமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.