படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சபை என்ன செய்யலாம்?

பாளை_தேவசகாயம்:
ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்து விசேஷக் காணிக்கையை எதற்குச் செலவழிப்பது என்று எல்லாச் சேகரத்திலும் (பல சபைகள் சேர்ந்த வட்டம்) பேச்சு ஓடுகிற நேரம். அரிசியும் சேலையும் கொடுத்துப் போட்டோ எடுத்தது போதும். பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, முற்றிய புற்றுநோய் என்று படுத்துவிட்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சபையில் நாலு பேரைப் பழக்கி, வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே அனுப்பி, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, படுக்கைப் புண் வராமல் பார்த்தால் அதுதான் மத்தேயு 25-இல் வருகிற "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்". பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு ஒரு ஜெபம் பண்ணிப் பத்து நிமிஷத்தில் கிளம்புவதை அதில் சேர்க்க முடியாது.

ஸ்டாஃப்நர்ஸ்_நாசரேத்:
எண்ணம் நல்லது ஐயா, கணக்கு தப்பு. தானாக அசைய முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். வாரம் இரண்டு நாள் போய்ப் புரட்டி எந்தப் புண்ணும் தடுக்கப்படாது. ராத்திரி அந்த வீட்டில் யார் விழித்திருக்கிறார்களோ, அந்த மருமகளுக்கோ மகனுக்கோதான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஆசையாகப் போகிறவர்கள் செய்கிற கெடுதல். வால் எலும்புக்கு மேலே சிவந்திருப்பதைப் பார்த்ததும் எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். அங்கே தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம், தேய்த்தால் சதை இன்னும் நசுங்கும். விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தப்பித்தது, அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள். வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. நம்மில் பலருக்குக் கறுத்த தோல், சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்து, சுற்றியிருக்கிற தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் டியூப்பை இடுப்புக்குக் கீழே வைப்பதை நிறுத்துங்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கிற தோலுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு புண்ணில் நுரைக்கும்போது சுத்தமாவது மாதிரி இருக்கும், புதுசாக முளைக்கிற சதையையும் சேர்த்து அழிக்கும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆற வைத்துக் கழுவினால் போதும். ஆழமான புண், கெட்ட வாடை, காய்ச்சல் என்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

பாளை_தேவசகாயம்:
சரி சிஸ்டர். அப்படியானால் காணிக்கையில் மோட்டார் வைத்த காற்று மெத்தை, அந்த ஏர் பெட் வாங்கி வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாமே? புரட்டுகிற வேலையே மிச்சம்.

ஸ்டாஃப்நர்ஸ்_நாசரேத்:
மிச்சமாகாது. ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான். கொடுத்துவிட்டு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? கரண்ட் பில்லுக்குப் பயந்து மோட்டாரை அணைப்பார்கள். நனையாமல் இருக்க ரெக்சின், அதன்மேல் போர்வை, அதன்மேல் பழைய சேலை என்று மூன்று அடுக்கு போடுவார்கள். காற்று அறைகள் மாறி மாறி உப்பி வடிவதே உடம்புக்குத் தெரியாமல் போய்விடும். மேலே ஒரு பருத்தித் துணி, அதுவும் இழுத்துச் செருகாமல். படுத்திருப்பவரின் இடுப்புக்கு நேராக, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று பற்றவில்லை.

குதிகாலை எந்த மெத்தையும் முழுசாகக் காப்பாற்றாது. கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க விட வேண்டும்.

மார்த்தாண்டம்_லில்லி:
நான் இரண்டு பேருக்கும் எதிர்க்கட்சி. சபைக்காரர்கள் நோயாளியின் உடம்பைத் தொடவே வேண்டாம் என்கிறேன். கோழிக்கோட்டில் 1993-இல் வலி நிவாரண, நோய்தணிப்புச் (தீராத நோயில் வேதனையைக் குறைக்கிற பராமரிப்பு) சங்கம் தொடங்கி, அது கேரளா முழுக்கப் பரவி, 2008-இல் அரசே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே புண் கட்டுவதும் மூத்திர டியூப் மாற்றுவதும் நர்ஸ் வேலை. அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் செய்வது வேறு: வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள்.

நம்ம ஊரில் 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. அதில் நோய்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர வேண்டும். பாதிப் பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் எழுதி வைக்கத் தெரியாது. அதைச் செய்யுங்கள். பிறகு வாரத்தில் மூன்று மணி நேரம் நோயாளி பக்கத்தில் உட்காருங்கள். பார்த்துக்கொள்கிற பெண் பேங்குக்குப் போகட்டும், இல்லையென்றால் தூங்கட்டும். அவள் விழுந்துவிட்டால் இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் காகிதத்தில்தான்.

ஆசீர்_துறைமுகம்:
இதையெல்லாம் அரிமா சங்கமும் செய்யும். ஜெபமும் இல்லை, வசனமும் இல்லை என்றால் ஊழியம் என்ற பெயர் எதற்கு?

மார்த்தாண்டம்_லில்லி:
ஜெபம் வேண்டாம் என்று யார் சொன்னது தம்பி? அவர் கேட்டால் பண்ணுங்கள். கேட்காதவர் வீட்டில், எழுந்து போக முடியாத ஆளுக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் சத்தமாக ஜெபிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்துப் பையில் வசனம் அச்சடித்த கைப்பிரதி வைக்கவே கூடாது.

ஆதிச் சபையைப் பற்றிச் சொல்கிற அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துப் பாருங்கள். கிரேக்கம் பேசிய விதவைகளுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் ஆள் விட்டுப்போகிறது என்று முறுமுறுப்பு. அதைச் சரி செய்யத்தான் ஏழு பேர். பந்தி விசாரிக்கிற வேலைக்கு ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாகத் தேடினார்கள். சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பட்டியல் போட்டால் அதே முறுமுறுப்பு நம் தெருவிலும் வரும்.

ஆசீர்_துறைமுகம்:
பட்டியல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கேட்டால்தான் ஜெபம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். "ஜெபிக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்பதில் என்ன தப்பு?

மார்த்தாண்டம்_லில்லி:
ஒரு தடவை, சரி. வேலை முடிந்த பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த வாரமும் அதே முகத்தோடு போக வேண்டும்.

கோவில்பட்டி_வாசகர்:
நடைமுறைக் கேள்வி. இந்த மாதிரி வேலைக்கு முன்வருவது பெண்கள் ஐக்கிய சங்கம்தான். முக்கால்வாசி அறுபது தாண்டியவர்கள். எழுபது கிலோ ஆளை யார் தூக்குவது?

ஸ்டாஃப்நர்ஸ்_நாசரேத்:
தூக்கவே கூடாது, கக்கத்தில் கை கொடுத்து இழுக்கவும் கூடாது. இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே சதை மட்டும் நகர்ந்து கிழியும். பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அவருக்கு அடியில் விரித்து வையுங்கள். பக்கத்துக்கு ஒருவர் நின்று, விளிம்பை உடம்புக்கு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே சொல்லில் நகர்த்தினால் வயதானவர்களாலும் முடியும். முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் எடை விழாது. சாப்பாட்டுக்கு மட்டும் நன்றாக நிமிர்த்துங்கள், முடிந்து அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நாள் முழுக்க நிமிர்த்தி வைத்தால் சறுக்கிச் சறுக்கி வால் எலும்பில்தான் புண் வரும்.

லில்லி அக்கா தொடவே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. புரட்ட இரண்டு பேர் வேண்டும், பல வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். ஆண் நோயாளி என்றால் ஆண்கள் போக வேண்டும். வாலிபர் ஐக்கியத்துக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்த கமிட்டி, இதற்கும் அங்கேயிருந்து நாலு பெயரை வாங்கட்டும்.