1967 ஆகஸ்ட் 14: கரோலைன் எங்கே மூடியது?

வால்வுசெட்டு: 1967இன் பிரிட்டிஷ் வானொலி பற்றி நேற்று இங்கே ஒரு பதிவு. ‘ஆகஸ்ட் 14ஓடு கடற்கொள்ளை வானொலிகள் எல்லாம் மூடப்பட்டன, அந்த இடத்தில் பிபிசி ரேடியோ ஒன் வந்தது’ என்கிறார். உரிமம் இல்லாமல் கடலில் இருந்து ஒலிபரப்பிய அந்த வானொலிகள் எல்லாமா? அன்று பிற்பகல் 3 மணிக்கு மூடியது ரேடியோ லண்டன். இன்னொரு கப்பல் வானொலியான கரோலைன் மூடவில்லை. நள்ளிரவில் அந்த வானொலிகளுக்கு எதிரான சட்டம் அமலுக்கு வந்த பிறகும் அதன் அறிவிப்பாளர்கள் ஜானி வாக்கரும் ராபி டேலும் மீ அமிகோ கப்பலில் மைக் முன்னால்தான் இருந்தார்கள்.

சிற்றலை: எழுதியது நான்தான். அந்தச் சட்டப்படி பிரிட்டிஷ்காரர் கப்பல் வானொலியில் வேலை செய்தால் குற்றம், விளம்பரம் கொடுத்தால் குற்றம், சாப்பாடு ஏற்றிப் போனாலும் குற்றம். அப்புறம் என்ன மிச்சம்? அந்த வருடத்தின் பெரிய செய்தி செப்டம்பர் 30, சனிக்கிழமை காலை 7 மணி. ரேடியோ ஒன்னைத் தொடங்கிவைத்த அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன் ‘தி மூவ்’ குழுவின் பாட்டைப் போட்டார், ஊரே கேட்டது.

வால்வுசெட்டு: கரோலைன் மிச்சம்! 1968 மார்ச் வரை பாடியது. அதை நிறுத்தியதும் உங்கள் சட்டம் இல்லை. பாக்கி வரவில்லை என்று டச்சுக் கம்பெனி கரோலைனின் இரண்டு கப்பலையும் இழுத்துக்கொண்டு போனது. பிளாக்பர்னும் கரோலைனில் பேசியவர்தானே? பிபிசி அவரை எங்கிருந்து பிடித்தது?

நடுநிசி: ‘மூடப்பட்டது’ என்றால் ஒலிபரப்பு நின்றதா, சட்டம் தடுத்ததா? அதை முதலில் சொல்லுங்களேன்.

பழையதட்டு: எனக்கு அந்தக் ‘கடற்கொள்ளை’தான் உறுத்துகிறது. கப்பல் நின்றது பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே. அதனால்தானே புதுச் சட்டமே தேவைப்பட்டது? யாரைக் கொள்ளையடித்தார்கள்?

சிற்றலை: இசைத்தட்டு கம்பெனிகளிடம் உரிமம் வாங்காமல் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டால் அதற்கு என்ன பெயர்? பிபிசிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் தட்டு போடலாம் என்று வரம்பு இருந்தது. மீதி நேரத்துக்கு வாத்தியக் குழுவை உட்காரவைத்து வாசிக்கவிட்டார்கள்.

பழையதட்டு: அதனால்தான் ரேடியோ ஒன் பாதி நேரம் ரேடியோ டூவின் நிகழ்ச்சியையே ஒலிபரப்பியது. இதற்குப் பெயர் புரட்சியா?

சிற்றலை: புரட்சி என்று நான் எங்கே எழுதினேன்?

வால்வுசெட்டு: பேச்சை மாற்றாதீர்கள். அலைநீளத்தில் ரேடியோ ஒன் 247 மீட்டர், கரோலைன் 259. குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் கரோலைன் கேட்டது. மூடிய நிலையம் எப்படி ஐயா கேட்கும்? போன மாதமும் பிபிசியின் தேர்ட் புரோகிராம் என்ற வானொலி தொடங்கியது 1945 என்று எழுதினீர்கள். 1945 லைட் புரோகிராம். தேர்ட் 1946.

சிற்றலை: அதை அன்றே திருத்தினேன். இன்னும் எத்தனை நாள் சொல்லிக்காட்டுவீர்கள்?

நடுநிசி: என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சிற்றலை: நாளை லெஸ்டர் பற்றி எழுதுகிறேன். பிபிசியின் முதல் உள்ளூர் வானொலி, அதே வருடம் நவம்பர் 8. அங்கேயும் கரோலைனை இழுத்து வராதீர்கள்.

வால்வுசெட்டு: நவம்பர் 8 அன்றும் கரோலைன் பாடிக்கொண்டுதான் இருந்தது.