பொருள்: மறுமொழி: எஞ்சின் புதுப்பிப்பில் ‘அலைன்மென்ட்’ – ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். லாரி எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கான பயிற்சி நூலைத் தமிழாக்கும் பணியில், ‘அலைன்மென்ட்’ (பாகங்கள் உரிய கோட்டிலும் மையத்திலும் பொருந்தி நிற்பது) என்பதற்கு முதல் வரைவில் ‘சீரமைப்பு’ என்று எழுதியிருந்தேன். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்கும் அதே சொல்லைத்தான் ஆண்டிருக்கிறேன் என்பது, “எஞ்சின் சீரமைப்பில் எழும் சீரமைப்புச் சிக்கல்களைச் சீரமைத்தல்” என்று அத்தியாயத் தலைப்பைத் தட்டச்சு செய்து முடித்த பிறகே உறைத்தது. மாற்றாக நீங்கள் முன்வைத்த ‘நேரமைவு’, ‘ஒழுங்கமைவு’, ‘இசைவு’ ஆகிய மூன்றையும் நூலின் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சில இடங்களில் பொருந்தி, மற்ற இடங்களில் பொருளைக் கெடுக்கிறது. ஒரே சொல்லைத் தேடியதே தவறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் என்ற தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் துளைகளை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த எஞ்சினில் பெரும்பாலும் ஏழு துளைகள் இருக்கும். அவற்றின் மையங்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிளாக் (எஞ்சினின் உடல்) கோணினாலோ, ஒரு பேரிங் எரிந்து அதன் இருக்கை சிதைந்தாலோ, பிளாக்குடன் சேர்த்துக் கடையப்பட்ட கேப்புகளை (துளையின் மறுபாதியாகப் பூட்டும் மூடிகளை) யாரேனும் இடம் மாற்றிப் பூட்டினாலோ அந்தக் கோடு முறிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு துளையையும் தனித்தனியே அளந்தால் விட்டமும் வட்டமும் சரியாகவே இருக்கக்கூடும் என்பதுதான். கேப்புகளைக் கழற்றிவிட்டு, பிளாக்கின் அரைவட்டப் பள்ளங்களின் மேல் நேர்விளிம்புக் கோலை நீளவாக்கில் கிடத்தி, அதனடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்தால்தான் குறை வெளிப்படும். ‘ஒழுங்கமைவு சரியில்லை’ என்று எழுதினால் மாணவர் துளைகளை ஒவ்வொன்றாக அளந்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்று பூட்டிவிடுவார். பிறகு கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து நிமிர்ந்து, பேரிங் ஷெல்களைத் தின்று, களைப்புற்று முறிந்தும் போகலாம்.

இதைச் சரிசெய்யும் ‘லைன் போரிங்’ வேலைக்கும், இங்கே அலைன்மென்ட்டுக்கு நாம் ஆக்கும் சொல்லிலிருந்தே பெயர் பிறக்க வேண்டும். கேப்புகளின் சேரும் முகத்தைச் சற்றே சீவி, மீண்டும் பூட்டி, எல்லாத் துளைகளையும் ஒரே ஓட்டத்தில் பழைய விட்டத்துக்குக் கடைவார்கள். அப்போது கிராங்கின் மையம் சிலிண்டர் ஹெட்டை நோக்கி இம்மியளவு ஏறிவிடுவதால், பிளாக்கிலேயே கேம் ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) உள்ள எஞ்சின்களில், அதைக் கிராங்குடன் இணைக்கும் டைமிங் கியர்ப் பற்களின் இடைவெளி குறையும். பிஸ்டன் உச்சியும் அதே அளவு உயரும். ஆக, நேராக்கப்பட்ட கோடு இடம் பெயர்ந்திருக்கவும் கூடும் என்பதால், நேராக இருப்பதையும் உரிய இடத்தில் இருப்பதையும் தனித்தனியே சொல்ல முடிகிற சொல்லே நமக்குத் தேவை.

ஃபிளைவீலைச் சுற்றி எஞ்சினின் பின்முனையில் பூட்டும் கூடான ஃபிளைவீல் ஹவுசிங்கின் கதை வேறு. அதன் துளையும் கிராங்கும் ஒரே மையத்தைக் கொள்ள வேண்டும். கொள்ளாவிட்டால் கிளட்சும் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட்டும் அடிவாங்கும். கிராங்கில் டயல் கேஜை (முள்ளால் நுண்ணளவு காட்டும் கருவியை) பொருத்தி ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் 0.20 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். துளை வட்டமாகவே இருக்குமானால், மையம் விலகியிருப்பது 0.10 மட்டுமே. பட்டறையில் இரண்டையும் ‘அவுட்’ என்றே சொல்கிறார்கள்; கைப்பழக்கம் உள்ளவருக்கு அதனால் கேடில்லை. நூலைப் படித்து, மையத்தை நகர்த்துவதற்கான விலகு டவல் பின்னை (ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் முளையை)த் தேர்ந்தெடுக்கும் மாணவர் 0.20 என்று எடுத்துக்கொண்டால், குறை எதிர்ப்பக்கத்தில் அதே அளவில் மீண்டும் தோன்றும். ஆகவே முள்ளின் ஆட்டத்தை ‘முள்வீச்சு’ என்றும், மையம் நகர்ந்த தொலைவை ‘மையவிலகல்’ என்றும் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன். புள்ளியியலில் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வேறுபாட்டை ‘வீச்சு’ என்பது இதற்கு அரணாக நிற்கிறது. இயற்பியலின் அலைவீச்சு இதில் பாதிதான் என்பதால், ‘முள்’ என்ற முன்னொட்டை எங்கும் விட்டுவிடக் கூடாது.

பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் குறைகளுக்கு ‘வளைவு’, ‘முறுக்கு’ போதும். டைமிங் கியருக்குக் ‘குறி சேர்த்தல்’ இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

மெயின் பேரிங்குக்கு ‘ஓரச்சமைவு’ (ஓர் அச்சில் அமைதல்) என்பதும், லைன் போரிங்குக்கு ‘ஓரச்சுக் கடைசல்’ என்பதும் என் முன்மொழிவுகள். குறைக்கு ‘கோட்டம்’ என்போம். மரத்தின் கோட்டத்தைத் தச்சரின் நூல் தீர்ப்பது போல மனக்கோட்டத்தை நூல் தீர்க்கும் என்கிறது நன்னூல் என்ற இலக்கண நூல். அந்தக் கோட்டமும் நாம் பேசும் கோட்டமும் ஒன்றே. (‘நூலமைவு’ என்றும் ஒரு கணம் நினைத்தேன், புத்தகப் பக்க வடிவமைப்பு என்று யாரேனும் படிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.)

அன்புடன்,
வரைவாளன்

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு; ‘முள்வீச்சு’ மிக நன்று. ஆனால் ‘ஓரச்சு’ லாரியைப் பற்றிய நூலில் நிற்காது. லாரியில் அச்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சக்கர அச்சுதானே? ‘ஓரச்சு வண்டி’ என்றால் ஒற்றை அச்சு வண்டி என்றல்லவா படிப்பார்கள்? போதாக்குறைக்கு ஓரத்தில் உள்ள அச்சு என்றும் பிரித்துவிடலாம். மின்வடத்துக்கு ‘ஓரச்சு வடம்’ என்று வழங்குவது அங்கே வேறு அச்சு குறுக்கிடாததால் பிழைத்தது. பட்டறையில் ‘சென்டர்’ என்ற சொல்தான் புழங்குகிறது. ‘மையம்’ என்பதை அடிச்சொல்லாகக் கொண்டு ஆக்கிப் பாருங்களேன்.

*

மறுமொழி:

அன்புள்ள ஐயா,

சக்கர அச்சை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதே நூலின் பின்பகுதியில் பின்னச்சைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. ‘ஓரச்சமைவை’ திரும்பப் பெறுகிறேன்.

மையத்திலிருந்து தொடங்கினால், துளைகளின் மையங்கள் ஒரே கோட்டில் நிற்பது ‘மையநேர்’. அது கெட்டால் ‘மையக்கோட்டம்’. சரிசெய்யும் வேலை ‘மையநேர்க் கடைசல்’. ஹவுசிங் துளையும் கிராங்கும் ஒரு மையம் கொள்வதற்குப் பள்ளிக் கணக்குப் பாடத்தின் ‘பொதுமைய வட்டங்கள்’ வழிகாட்டுகின்றன. ‘பொதுமையம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். திருத்திய பத்தி இப்படி வருகிறது:

“கேப்புகளைப் பூட்டுவதற்கு முன் மெயின் பேரிங் இருக்கைகளின் மையநேரைச் சோதிக்கவும். மையக்கோட்டம் கண்டால் மையநேர்க் கடைசல் செய்து, டைமிங் கியர்ப் பல் இடைவெளியையும் பிஸ்டன் உயரத்தையும் மீண்டும் அளக்கவும். ஃபிளைவீல் ஹவுசிங்கைப் பூட்டிய பின் முள்வீச்சை அளந்து, அதில் பாதியை மையவிலகலாகக் கொள்ளவும்.”

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. ஹவுசிங்கின் முகம் கிராங்குக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும் குறைக்கு ‘முகச்சாய்வு’ என்று எழுதியிருக்கிறேன். அங்கும் முள்வீச்சுதான் அளவு, ஆனால் அதைப் பாதியாக்கக் கூடாது. இந்த எச்சரிக்கையைச் சொல்லுக்குள்ளேயே கொண்டுவர வழியிருந்தால் எழுதுங்கள்.