புதுப்பிப்பு: மச்சாளின் நேர்ஸ் லைசன்ஸ் கதை

மாரி காலத்தில் எழுதியது நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருசம் வார்டு பார்த்த மச்சாள், கனடாவில், ஸ்கார்பரோவில் முதியோர் இல்லமொன்றில் உதவியாளர். அண்மையில் தாதியாக வேலை செய்த சான்று இல்லையென்று விண்ணப்பம் தொங்கிக்கொண்டு நின்றது.

அது சரிவந்துவிட்டது. ஒன்ராறியோ தாதியர் கல்லூரி (பெயரில்தான் கல்லூரி, பதிவு கொடுக்கிற அமைப்பு அது) 2022இல் தொடங்கிய மேற்பார்வைப் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பதிவுபெற்ற ஒரு தாதியோடு குறைந்தது 140 மணித்தியாலம். அனுபவச் சான்றுக்கும் ஆங்கிலத் தகுதிக்கும் அதுவே போதும். கோர்ஸ் எடுக்கச் சொல்லி நான் நச்சரித்தது வீண்.

முதல் நாள் ஊசி போடும்போது கை தன்பாட்டில் வேலை செய்ததாம். சேலைன் பம்பின் பொத்தான்கள்தான் வியர்க்க வைத்தன.

என்கிளெக்ஸ் என்கிற தாதியர் லைசன்ஸ் பரீட்சையில் கேள்விகள் 85 முதல் 150 வரை போகலாம். இவவுக்கு 85ஓடு நின்றுவிட, தோற்றுவிட்டேன் என்று காருக்குள் ஒரே அழுகை. பாஸ்!

பதிவிலக்கத்துக்குக் காத்திருக்கிறோம். சனிக்கிழமை மட்டும் பழைய இல்லத்துக்குப் போகிறா. அங்கே ஒரு அம்மம்மா வேறு யாரையும் தலை இழுக்க விடமாட்டாவாம்.